கெடுத்தது கேலி அல்ல, இரக்கமே!

நடுவர் ஐயா அவர்களே, எதிரணிப் பெருமக்களே, வணக்கம்.

நான் மேடைக்கு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தம்பி என் இரண்டு தோளையும் பின்னாலிருந்து பிடித்து, அரிசி மூட்டையைத் தள்ளுவதுபோல் மைக் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார். பாசத்தில்தான் செய்தார். நான் வாதாட வந்திருப்பதும் அந்தப் பாசத்தை எதிர்த்துத்தான்.

"கதையிலும் சினிமாவிலும் மாற்றுத்திறனாளிப் பாத்திரங்களை அதிகம் கெடுத்தது கேலியா, இரக்கமா?" இதுதான் தலைப்பு. இரக்கம் என்பது எங்கள் அணி.

எதிரணி அக்கா அருமையாகப் பேசினார். திக்குவாயை வைத்துச் சிரிக்க வைத்தது, காது கேளாதவர் ஒன்று கேட்டால் ஒன்று சொல்வதாகக் காட்டியது என்று பட்டியலே போட்டார். எதையும் மறுக்கவில்லை. ஆனால் அக்கா, கேலி சுருக்கென்று தைக்கும், சண்டைக்குப் போகலாம். கோர்ட்டுக்கும் போகலாம், போயிருக்கிறார்கள். ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, ஊனமுற்றவரை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே பிரித்துச் சொன்னது. இரக்கத்தின் மேல் யார் வழக்குப் போடுவது? அழுதுகொண்டே கைதட்டுகிறார்களே!

இரக்கப்பட்டு எழுதினால் பார்வையற்றவன் எப்படி வருவான்? கறுப்புக் கண்ணாடி, கையில் ஒரு வாத்தியம். கதாநாயகியின் முகத்தை விரலால் தடவி, "நீ ரொம்ப அழகு" என்பான். ஐயா, எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இன்றுவரை யார் முகத்தையும் தடவி ஆள் அடையாளம் கண்டதில்லை. தடவினால் அடிதான் விழும்.

நான் விரலால் பார்ப்பது ரூபாய் நோட்டை. புது 100 ரூபாய் நோட்டின் நீளம் 142 மில்லிமீட்டர். 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றே. நாலே மில்லிமீட்டரில் என் சம்பளம் ஊசலாடுகிறது! பஸ்ஸில் ஒரு கை கம்பியில் இருக்கும், மறு கையால் அளந்து எடுப்பதற்குள் கண்டக்டர் இரண்டு தடவை "டிக்கெட்" என்றிருப்பார். அதனால் வீட்டிலேயே 500-ஐ நாலாகவும் 200-ஐ இரண்டாகவும் மடித்துவிடுவேன், 100 மடிக்காமல் இருக்கும். நோட்டை அடையாளம் சொல்ல 'மணி' என்று ஒரு செயலியை ரிசர்வ் வங்கி 2020-ல் கொடுத்தது. நெரிசலில் அதை எடுத்துப் பிடித்து, அது உரக்க "ஃபைவ் ஹண்ட்ரட்" என்றால் பக்கத்தில் நிற்பவர் மனசு என்ன பாடுபடும்! இப்படி ஒரு காட்சி நம் கதைகளில் வருமா? இதில் கண்ணீர் இல்லையே, எப்படி வரும்?

அடுத்து கிளைமாக்ஸ். யாரோ செத்து, அவர் கண்ணை இவனுக்கு வைத்து, கட்டைப் பிரித்ததும் முதலில் கதாநாயகி தெரிவாள். கண் தானத்தில் மாற்றுவது கருவிழியை மட்டும். கருவிழி கெட்டவர்களுக்குத்தான் அது பலன் தரும். பார்வை நரம்பே வேலை செய்யாத என்னைப் போன்றவனுக்கு யார் கண்ணைக் கொடுத்தாலும் வீண். படம் எடுப்பவர்கள் கேட்டால் எந்தக் கண் டாக்டரும் அரை நிமிஷத்தில் சொல்லிவிடுவார். கேட்பதில்லை. இவன் பார்வை இல்லாமலே பேரன் பேத்தி எடுத்தான் என்று படத்தை முடிக்க அவர்களுக்கு மனசு கேட்பதில்லை.

பழைய தமிழுக்கு இந்த வியாதி இல்லை ஐயா. இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்கு நடக்க முடியாது. இவர் தோளில் அவர் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். மதுரையில் துவைக்கும்போது துணி தண்ணீரோடு போய்விட்டதாம். அடித்துத் தப்பினோமே, அது நம்மைத் தப்பிப் போகாதா என்று ஒருவர் வெண்பாவைத் தொடங்க, இக்கலிங்கம் போனால் என்ன, சொக்கலிங்கம் இருக்கிறாரே என்று மற்றவர் முடித்தார். கலிங்கம் என்றால் துணி, தப்புவது என்றால் அடித்துத் துவைப்பது. இன்றைக்கு இதைப் படமாக எடுத்தால் பின்னணியில் ஷெனாய்தான் அழும்!

போன மாதம் ஒரு எழுத்தாளர் போன் செய்தார். "பார்வையற்றவரை வச்சு ஒரு கதை எழுதறேன், உங்க அனுபவம் ஏதாவது சொல்லுங்க சார்." நல்ல மனிதர், கேட்கவாவது செய்தார். சொன்னேன். என் போன் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும், நான் அதைப் படுவேகத்தில் ஓடவிடுவேன். ஊரிலிருந்து வந்த அம்மா, "யாருடா அவன், உன்னை இந்தத் திட்டு திட்டறான்?" என்று கேட்டாள். அந்தத் தைரியத்தில், சீட்டுப் பணம் கட்டவில்லை என்று வந்த மெசேஜை மனைவி பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுவிட்டு, "பேங்க் விளம்பரம்" என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் அந்த வேகம் அவளுக்கும் பழகிவிட்டது எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு கிடைத்ததே பெரிது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், இவர் பொய் சொல்றாரே... வாசகருக்குப் பரிதாபம் வராதே" என்றார்.

கேலி செய்கிறவன்கூட என்னை ஒரு ஆளாக நினைத்துத்தான் வம்புக்கு இழுக்கிறான். இவருக்கு நான் பெண்டாட்டியிடம் பொய் சொல்லக்கூட லாயக்கில்லை, பார்த்தீர்களா ஐயா!

மணி அடித்துவிட்டார்கள். தம்பி, வாங்க. தோளை விடுங்க, உங்க முழங்கையை மட்டும் கொடுங்க, நான் பிடிச்சுக்கறேன். நீங்க முன்னால நடங்க. படி வந்தா எத்தனைன்னு சொல்லுங்க.