டிக்கெட் எடுப்பதற்கு முன் நான் கேட்கும் முதல் கேள்வி: டாய்லெட் எப்படி?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்திருக்கிறேன். என் முகத்தைவிடத் தரைதான் இன்று முக்கியம். நீல டேப் தெரிகிறதா? 70 சென்டிமீட்டர் அகலம், 120 சென்டிமீட்டர் நீளம். ரயில் பெட்டி வடிவமைப்பவர்களிடம் சக்கர நாற்காலி என்று சொன்னால், பெரும்பாலும் அவர்கள் மனதில் வருவது இந்தச் செவ்வகம்தான். 1985-இல் வந்த ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர அமைப்பு) தரநிலை ஒன்றில் இந்த அளவு இருக்கிறது. ஐரோப்பிய ரயில் விதியும் இதையே பிடித்துக்கொண்டு, சக்கரத்தைத் தள்ளும் கைகளுக்காக இரண்டு பக்கமும் ஐந்து ஐந்து சென்டிமீட்டர், பாதத்துக்காக முன்னால் ஐந்து என்று கூட்டிக்கொண்டது.

இதோ, உள்ளே வருகிறேன். என் நாற்காலி அடங்கிவிட்டது. சாய்ந்து படுக்கும் நாற்காலி வைத்திருப்பவர்களுக்கும், பின்னால் சுவாசக் கருவியைக் கட்டிக்கொண்டு வருபவர்களுக்கும் இது போதாது. அவர்கள் கதை தனி வீடியோ.

போன வீடியோவில் ஒருவர் கேட்டிருந்தார்: "ரயிலில்தான் உங்களுக்கென்று தனி இடம் இருக்கிறதே, அப்புறம் என்ன கஷ்டம்?" கிண்டலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டிருக்கிறார். அதனால் உண்மையாகவே பதில் சொல்கிறேன். நான் பயணம் கிளம்பும்போது இடம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதில்லை. டாய்லெட்டைப் பற்றித்தான் விசாரிப்பேன். அது இல்லாவிட்டால் அந்த இடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

சில மாதங்களுக்கு முன் ஐந்து மணி நேரப் பயணம். எந்த ரயில், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். ஏறி, நாற்காலியை நிறுத்தி, பிரேக் போட்டாயிற்று. நிம்மதியாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். அப்போதுதான் எதிரே இருந்த டாய்லெட் கதவைப் பார்த்தேன். ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது: பழுது. பாட்டிலை மூடி வைத்துவிட்டேன்.

பணியாளர் வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். "அடுத்த ஸ்டேஷனில் இறங்குங்கள், அங்கே கழிப்பறை இருக்கிறது. முடித்துவிட்டு அடுத்த ரயிலில் வாருங்கள்" என்றார். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது, இல்லையா? நான் இறங்க வேண்டுமென்றால் நடைமேடையில் ஒருவர் ராம்ப்புடன், அதாவது சக்கரம் ஏறி இறங்கும் சாய்பலகையுடன், காத்திருக்க வேண்டும். மறுபடி ஏறவும் அதே ராம்ப் வேண்டும். அடுத்த ரயிலில் சக்கர நாற்காலி இடம் காலியாக இருக்க வேண்டும். அதன் டாய்லெட்டாவது வேலை செய்ய வேண்டும். ஐரோப்பாவில் இப்படி உதவி வேண்டுமென்றால் 48 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும் என்று ஒரு காலத்தில் விதி இருந்தது. 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய விதி அதைப் பொதுவாக 24 மணி நேரமாகக் குறைத்தது. நல்ல விஷயம்தான். ஆனால் சிறுநீர் ஒரு நாள் முன்பே சொல்லிவிட்டு வருவதில்லை.

நான் இறங்கவில்லை. அடக்கிக்கொண்டேன். அவ்வளவுதான் அந்தக் கதை.

எங்களில் பலருக்கு ஒரு பழக்கம் உண்டு. பயணத்துக்கு முந்தைய இரவே தண்ணீரைக் குறைத்துவிடுவோம். காலையில் இரண்டு வாய், அதோடு சரி. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வருவதற்கு ஏற்கெனவே வாய்ப்பு அதிகம். தண்ணீர் குடிக்காமல் இருந்தால் இன்னும் அதிகம். தெரிந்தேதான் செய்கிறோம். ரயிலில் இருந்து ஊர் போய்ச் சேர்ந்ததும் காய்ச்சல் வந்து படுத்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, ஏன் இப்படி அடிக்கடி பழுதாகிறது? புதிய ரயில்களில் இருப்பது பெரும்பாலும் வாக்குவம் டாய்லெட். உறிஞ்சுவதற்கு மின்சாரம் வேண்டும், அழுத்தக் காற்று வேண்டும், தண்ணீர் வேண்டும். கழிவு ஒரு தொட்டியில் சேர்கிறது. தொட்டி நிரம்பிவிட்டால் டாய்லெட் தன்னையே பூட்டிக்கொள்ளும். நேற்று இரவு தொட்டியைக் காலி செய்ய மறந்திருந்தால், இன்று மதியம் அந்தக் கதவு திறக்காது. இது எல்லா டாய்லெட்டுக்கும் நடக்கக்கூடியதுதான். மற்றவர்கள் எழுந்து அடுத்த பெட்டிக்குப் போவார்கள், முணுமுணுத்துக்கொண்டே. எனக்கு அடுத்தது என்று ஒன்று இல்லை.

விதியைக் கொஞ்சம் பாருங்கள். ஐரோப்பிய விதிப்படி, 30 மீட்டரில் இருந்து 205 மீட்டர் வரை நீளமுள்ள ரயிலில் குறைந்தது இரண்டு சக்கர நாற்காலி இடங்கள் வேண்டும். 300 மீட்டரைத் தாண்டினால் நான்கு. ரயிலில் டாய்லெட் என்று ஒன்று இருந்தால், சக்கர நாற்காலி உள்ளே போகக்கூடியதாக ஒன்றாவது இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொரு ரயிலிலும் ஒரு பெட்டியாவது மாற்றுத்திறனாளிகள் ஏறக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. ஒன்றாவது, ஒரு பெட்டியாவது... இந்த 'ஆவது' இருக்கிறதே, அதைத்தான் நான் வெறுக்கிறேன். குறைந்த அளவு என்று எழுதினால் வாங்குபவர்கள் அந்த அளவைத்தான் வாங்குகிறார்கள். இரண்டாவதாக ஒன்று இருந்திருந்தால் அன்றைக்கு அந்த வெள்ளைத் தாளைப் பார்த்துச் சிரித்திருப்பேன்.

ஜப்பானைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படுகிறேன். டோக்கியோ, ஒசாகா பாதையில் ஓடும் 16 பெட்டி புல்லட் ரயிலில் முன்பு ஒன்றோ இரண்டோ இடம்தான். 2021-இல் இருந்து வரும் என்700எஸ் ரயில்களில் ஆறு. ஜன்னலோரத்திலும் இடம் இருக்கிறது. நண்பர்களாக நாலைந்து பேர் சேர்ந்தே போகலாம். அகலமான டாய்லெட்டும் அதே 11-ஆம் பெட்டியில்.

டாய்லெட்டுக்குப் பக்கத்தில் எங்களை உட்கார வைப்பது சரிதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு வரும் வரிசை எங்கே நிற்கிறது தெரியுமா? என் மடியில். ஒருவர் என் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போனில் பேசுவார். வாசனையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அப்புறம் பெட்டிகள். பயணிகளின் பெட்டிகளைச் சொல்கிறேன். காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்தால் மனிதக் கைக்குச் சும்மா இருக்க முடியாது. ஒரு சூட்கேஸ், ஒரு குழந்தை வண்டி, ஒரு சைக்கிள். எடுத்து வையுங்கள் என்று நான் கேட்டால் பெட்டி முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும்.

இப்போது கதவு. பெரிய டாய்லெட்டுகளில் வளைந்த மின்கதவு இருக்கும், பார்த்திருப்பீர்கள். விண்கலம் மாதிரி மெதுவாகத் திறக்கும். பல ரயில்களில் உள்ளே மூன்று பட்டன்: திற, மூடு, பூட்டு. மூடினால் பூட்டியதாக அர்த்தம் இல்லை! பூட்டுக்குத் தனியாக அழுத்த வேண்டும். வீட்டில் தாழ்ப்பாள் போட்டுப் பழகிய யாருக்கும் இது தோன்றாது. கதவு மூடிவிட்டது, விளக்கு எரிகிறது, முடிந்தது என்று நினைத்து உட்கார்ந்திருப்பார்கள். வெளியே ஒருவர் பட்டனை அழுத்துவார். கதவு மெதுவாக, மிக மெதுவாக, முழுப் பெட்டிக்கும் காட்சி கொடுக்கும். மூடுவதற்கும் அதே நேரம்தான் எடுக்கும். எனக்கு நடந்திருக்கிறதா என்று கேட்காதீர்கள்.

உள்ளே போய்விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இதோ, இந்தச் சாதாரண நாற்காலியை டாய்லெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அதன் இடது பக்கத்தில் என் சக்கர நாற்காலியை நிறுத்தி, கைப்பிடியைப் பிடித்து, வலது பக்கமாக நகர்ந்து உட்காருவேன். பக்கவாதத்தில் வலது கை போனவருக்கு இது நேர் எதிராக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இடம் விட்டால் பாதிப் பேருக்குத்தான் பயன். ஐரோப்பிய விதியில் உட்காரும் உயரம் 45-இல் இருந்து 50 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியின் உயரத்தோடு ஒத்துப்போனால் நகர்வது எளிது. ஆனால் இந்த அளவுகளையெல்லாம் தோற்கடிக்கும் ஒரு பொருள் உண்டு. குப்பைத் தொட்டி. நான் நாற்காலியை நிறுத்த வேண்டிய அதே இடத்தில், யாரோ சுத்தம் செய்துவிட்டு அழகாக அதை வைத்துவிட்டுப் போயிருப்பார். நான் குனிந்து தள்ள வேண்டும், ஓடும் ரயிலில், ஒரு கையால்.

உட்கார்ந்த இடத்தில் இருந்தே தண்ணீர்க் குழாயைத் தொட முடிய வேண்டும். சிறுநீரை வெளியேற்றக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டுக்கொள்பவர்கள் கை கழுவாமல் அதைத் தொடவே கூடாது, கழுவ எழுந்து போகவும் முடியாது. கழிவு சேர வயிற்றில் பை பொருத்திக்கொண்டவர்களுக்குப் பையைக் காலி செய்ய, கழுவ இடம் வேண்டும். ஜப்பானில் அதற்கென்றே தனித் தொட்டி வைத்த டாய்லெட்டுகள் உண்டு. இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அகலமான டாய்லெட்டில் இருந்து நடந்து வெளியே வருபவரை முறைக்காதீர்கள். அவருக்கு அந்தப் பை இருக்கலாம், குடல் நோய் இருக்கலாம். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காக 2016-இல் லண்டன் காட்விக் விமான நிலையத்தில் சூரியகாந்திப் படம் போட்ட கழுத்துப் பட்டை தொடங்கியது. இப்போது பல நாடுகளில் ரயிலிலும் பார்க்கலாம். முன்னுரிமை இருக்கைக்கும் இதே பேச்சுதான். பட்டை போட்டால்தான் நம்புவேன் என்று நிற்காதீர்கள்.

தாங்களாக நகர்ந்து உட்கார முடியாத பெரியவர்களுக்கு இதில் எதுவுமே உதவாது. அவர்களைத் தூக்க ஹாய்ஸ்ட் என்ற தூக்கும் கருவி வேண்டும், படுக்க வைத்து உடை மாற்றப் பெரியவர் அளவுக்கு மேசை வேண்டும். பிரிட்டனில் 2006-இல் தொடங்கிய சேஞ்சிங் பிளேசஸ் இயக்கம் இதற்குக் கேட்கும் அறை 3 மீட்டருக்கு 4 மீட்டர். ரயில் பெட்டியின் அகலமே ஏறக்குறைய மூன்று மீட்டர்தான். அதனால் அவர்களின் குடும்பங்கள் டாய்லெட் தரையில் துணி விரித்துப் படுக்க வைக்கின்றன, அல்லது ரயிலிலேயே ஏறுவதில்லை. ஓடும் ரயிலில் இதற்கு என்ன வழி என்று என்னிடம் பதில் இல்லை. பெரிய ஸ்டேஷன்களிலாவது அந்த அறை வேண்டும், அதைச் சாக்குச் சொல்லாமல் கட்டலாம்.

கடைசியாக, அவசரத்தில் இழுத்து உதவிக்கு ஆளைக் கூப்பிட, தரைக்குப் பக்கத்தில் தொங்கும் சிவப்புக் கயிறு. சில ரயில்களில் கயிறு, சிலவற்றில் தாழ்வாக ஒரு பட்டன். அவ்வளவு கீழே ஏன் என்றால், விழுந்தவருடைய கை அங்கேதான் இருக்கும். பல இடங்களில் அதைச் சுருட்டி மேலே கைப்பிடியில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்கள், காலில் தட்டுகிறது என்று. அடுத்த முறை அந்த டாய்லெட்டுக்குப் போனால் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முடிச்சு இருந்தால் அவிழ்த்துத் தரை வரை தொங்கவிடுங்கள். குப்பைத் தொட்டியையும் ஒரு தள்ளு.

சரி, நான் இந்த நீல டேப்பைப் பிரிக்க வேண்டும். தரையில் பசை ஒட்டாமல் வந்தால் நல்லது. பார்க்கலாம்.