காற்றின் எடை

(தூத்துக்குடி மாவட்டக் கடலோரப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்.)

அன்பு மாணவர்களே, ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

"வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியுள்ளது." இதைச் செய்தியில் கேட்டதும் உங்களுக்கு முதலில் தோன்றுவது, நாளைக்கு லீவு விடுவார்களா என்பதுதான். உங்கள் வயதில் எனக்கும் அப்படித்தான். அப்புறம் ஒருநாள், அந்த வரியில் இருக்கும் 'அழுத்தம்' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. காற்று எதை அழுத்துகிறது? எதனால் அழுத்துகிறது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மழையும் புயலும் ஆடிக்காற்றும் ஒவ்வொன்றாகப் பிடிபடும். இன்று அதை மட்டும் பேசுவோம்.

காற்றுக்கு எடை உண்டு. ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ. உங்கள் வகுப்பறை 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால், அதற்குள் இருக்கும் காற்று மட்டும் 170 கிலோவுக்கு மேல். பெரியவர்கள் மூன்று பேரின் எடை! நம் தலைக்கு மேலே பல கிலோமீட்டர் உயரத்துக்கு இந்தக் காற்றுதான் அடுக்கி நிற்கிறது. அத்தனையும் சேர்ந்து, கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் ஒரு கிலோ எடை வைத்ததுபோல் அழுத்துகிறது. உள்ளங்கையை நீட்டுங்கள். அதன்மேல் இப்போது நூறு கிலோவுக்குக் குறையாத சுமை இருக்கிறது. கை தாழவில்லையே என்கிறீர்களா? கீழேயிருந்தும் காற்று அதே அளவுக்குத் தாங்கிப் பிடிக்கிறது, அதனால்தான்.

நம்பிக்கை வரவில்லையென்றால், வீட்டில் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, வாயில் கெட்டி அட்டையை வைத்து மூடி, அட்டையைப் பிடித்தபடி கவிழ்த்துவிட்டு, மெல்லக் கையை எடுங்கள். தண்ணீர் கொட்டாது. வெளிக்காற்று அட்டையை மேல்நோக்கி அழுத்திக்கொண்டு நிற்கும். (முதல் தடவை வாசலில் வைத்துச் செய்யுங்கள், அம்மாவிடம் திட்டு வாங்க வேண்டாம்.)

இந்த அழுத்தத்தை ஹெக்டோபாஸ்கல் என்ற அலகில் அளக்கிறார்கள். கடல் மட்டத்தில் சராசரி 1013. எல்லா இடத்திலும் எப்போதும் 1013 என்றே இருந்தால் உலகத்தில் காற்றே வீசாது. ஓரிடத்தில் கூடுதலும் இன்னோரிடத்தில் குறைவுமாக இருப்பதால்தான், கூடுதலான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குக் காற்று ஓடுகிறது.

அந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்குவது வெயில். உங்கள் கடற்கரையையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் மணல் சீக்கிரம் சுடும், கடல் அவ்வளவு சுடாது. தரைமேல் இருக்கும் காற்று சூடேறி விரிந்து மேலே போய் அங்கிருந்து விலகிவிடும். தரைக்கு மேலுள்ள சுமை கொஞ்சம் குறையும். அந்தக் குறையை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் எல்லாம் தலைகீழ், தரையிலிருந்து கடலுக்குக் காற்று போகும். பாய் விரித்து வள்ளம் ஓட்டிய காலத்தில் உங்கள் தாத்தாமார் விடியுமுன் நிலக்காற்றில் கடலுக்குப் போய், பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பினார்கள். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றைப் பிரித்து அறிந்தவர்கள் அவர்கள். அந்தப் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து. எந்தப் பாடப்புத்தகத்துக்கும் குறையாத அறிவு அது.

சரி, காற்று ஓடுவது புரிந்தது. மழை எப்படி வருகிறது?

சைக்கிள் டியூப்பின் வால்வை அழுத்திப் பாருங்கள். சீறிவரும் காற்று ஜில்லென்று இருக்கும். நெருக்கிப் பிடித்த காற்று விரியும்போது குளிரும். பம்பால் அடிக்கும்போது பம்பு சுடும், ஏனென்றால் நெருக்கப்படும் காற்று சூடாகும். மழையின் ரகசியம் முழுக்க இந்தப் பம்பில் இருக்கிறது. மேலே ஏறும் காற்றின் தலைமேல் சுமை குறைந்துகொண்டே போவதால், அது விரிந்து குளிர்கிறது. 30 டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் வெளியில் சுமார் 30 கிராம் நீராவி இருக்க முடியும். 20 டிகிரியில் 17 கிராம்தான். மீதி 13 கிராம்? தூசியையும், அலை தெறித்துக் காற்றில் கலந்த உப்புத் துகளையும் பற்றிக்கொண்டு நுண்துளிகளாகிறது. அதுதான் மேகம். துளிகள் சேர்ந்து பெருத்தால் மழை.

ஒரு மாணவி முன்னதாகவே சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்வி இது: "ஊட்டி சூரியனுக்குப் பக்கம்தானே, ஏன் குளிர்கிறது?" அருமையான கேள்வி. வெயில் முதலில் தரையைச் சுட வைக்கிறது. காற்று பெரும்பாலும் தரையிடமிருந்துதான் சூட்டை வாங்கிக்கொள்கிறது. மேலே ஏற ஏற விரிந்து, சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி குளிர்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்களே பெருக்கிப் பாருங்கள், 12 டிகிரி வரும். சூரியன் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதில் இந்த 2 கிலோமீட்டர் கணக்கிலேயே வராது.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலைமேல் ஏறும்போது குளிர்ந்து, கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிடும். மலை தாண்டி நம் பக்கம் இறங்கும்போது நெருக்கப்பட்டுச் சூடாகி, வறண்ட காற்றாக வருகிறது. அது மலைக் கணவாய்களில் புகுந்து வேகமெடுப்பதைத்தான் "ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்" என்றார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். அதே வறட்சிதான் உங்கள் உப்பளங்களில் உப்பு விளைய வைக்கிறது. நமக்கு மழை தர வேண்டியது அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்டப் பாதி அந்த மூன்று மாதத்தில் வருகிறது.

புயலுக்கு வருகிறேன். சூடான கடலுக்கு மேல் காற்று ஓயாமல் மேலேறினால் அங்கே அழுத்தம் குறையும், சுற்றியிருக்கும் காற்று உள்ளே பாயும். பூமி சுழல்வதால் அது நேராகப் போகாமல் வலப்பக்கம் விலகி, நம் அரைக்கோளத்தில் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் அதைப் புயல் என்று அறிவித்துப் பெயர் வைப்பார்கள். 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலின் மையத்தில் அழுத்தம் 912 ஹெக்டோபாஸ்கல். 1013-லிருந்து பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. அதற்கே மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தது. சுமார் 10,000 பேர் இறந்தார்கள்.

ஆனால் பெயர் வைத்தால்தான் ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு மறந்திருக்காது. அன்று புயல் எதுவும் இல்லை. குமரிக்கடல் பக்கம் வளிமண்டலச் சுழற்சி ஒன்று இருந்தது, அவ்வளவுதான். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. இந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் மழையைவிட அதிகம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். அப்படியானால் 95 சென்டிமீட்டர் என்பது 950 லிட்டர். நூறு சதுர மீட்டர் மொட்டைமாடி ஒன்றில் மட்டும் 95,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் தண்ணீர் லாரி எட்டுக்குக் கிட்டத்தட்ட வரும். அத்தனையும் ஒரே நாளில், ஒரே மாடியில். ஊர் முழுக்க எவ்வளவு விழுந்திருக்கும் என்று எண்ணும்போது இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பக்கங்கள் நேராக இருக்கும் டப்பா ஒன்றை மாடியில், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலை உள்ளே விட்டு எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து, நோட்டில் தேதியோடு எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வானிலை ஆய்வு மையமும் 24 மணி நேர மழையை அதே 8.30 மணிக்குத்தான் கணக்கிடுகிறது. மழை இல்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதுங்கள், அந்தப் பூஜ்யமும் வேண்டும். அக்டோபர் ஒன்றாம் தேதி தொடங்குங்கள். பொங்கல் கழிந்ததும் நான் மறுபடி வருகிறேன், நோட்டுகளை மேசைமேல் விரித்துவைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம்.