பிடித்துக்கொள்ள ஆளில்லாத கூத்து

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் பாலக்கோட்டில் வீடியோ எடுக்கும் தொழில் செய்பவன். 1999-ஆம் ஆண்டு, வி.எச்.எஸ். கேசட் போட்ட கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு, பின்னால் ஒரு பையன் ஃபோகஸ் லைட்டைத் தூக்கிப் பிடிக்க, கல்யாண வீடுகளில் படம் பிடிக்கத் தொடங்கினேன். இப்போது அதே கல்யாணங்களை யூடியூபில் நேரலையாக அனுப்புகிறேன். தாலி கட்டும் நேரத்தில் திரையில் வட்டம் சுற்றினால், பெங்களூரிலும் குவைத்திலும் இருக்கும் உறவினர்கள் உடனே மாப்பிள்ளையின் தந்தைக்குப் போன் செய்வார்கள்; அவர் என்னைப் பார்த்து முறைப்பார். இப்படிப்பட்டவனைப் பேய்ப்படங்களைப் பற்றிப் பேச ஏன் அழைத்தார்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். நான் பேச வந்திருப்பது அவற்றில் ஒரு தனி வகையைப் பற்றி. கதைக்குள் இருப்பவர்களே கையில் வைத்திருக்கும் கேமராவில் பதிவானதாகக் காட்டப்படும் படங்கள் அவை. அவற்றிலும் குறிப்பாக, சமூக ஊடகத்தில் லைவ் போடுகிறவர்கள் பேயிடம் அகப்பட்டுக்கொள்ளும் படங்கள். இவற்றில் கேமராக்காரனே கதாநாயகன் என்பதால், தொழில்முறையில் எனக்கும் சிறிது பாத்தியதை உண்டு.

இந்த வகைக்கு ஃபவுண்ட் ஃபுட்டேஜ் என்று பெயர். கண்டெடுத்த படச்சுருள் என்று சொல்லலாம். நான் தொழிலுக்கு வந்த அதே 1999-இல் அமெரிக்காவில் வெளியான 'தி பிளேர் விட்ச் புராஜெக்ட்' இதை உலகெங்கும் பரப்பியது. மேரிலாண்ட் மாநிலத்துக் காட்டில் சூனியக்காரி ஒருத்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப்போன மூன்று மாணவர்கள் காணாமற்போனார்கள், ஓராண்டு கழித்து அவர்கள் எடுத்த படம் மட்டும் கிடைத்தது என்று தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். இயக்குநர்கள் டேனியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் இருவரும் நடிகர்களிடமே கேமராக்களைக் கொடுத்துக் காட்டுக்குள் அனுப்பினார்கள்; அன்றன்று செய்யவேண்டியதைச் சீட்டில் எழுதி வைத்தார்கள்; நாளுக்கு நாள் சாப்பாட்டைக் குறைத்தார்கள்; இரவில் கூடாரத்துக்கு வெளியே சத்தம் எழுப்பித் தூங்கவிடாமல் செய்தார்கள். கதைமாந்தருக்கு நடிகர்களின் சொந்தப் பெயரையே வைத்து, அவர்கள் உண்மையாகவே காணாமற்போனதாக இணையத்தில் விளம்பரமும் செய்ததில், கதாநாயகியாக நடித்தவரின் தாயாருக்கு இரங்கல் கடிதங்கள் வந்து சேர்ந்தன. ஏறக்குறைய 25 கோடி டாலர் வசூலித்த அந்தப் படத்தில் சூனியக்காரி ஒரு காட்சியிலும் தலைகாட்டவில்லை.

ஆனால் இந்த வகைப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுவான ஓட்டை இருந்தது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த பிறகும் இவர்கள் ஏன் கேமராவைக் கீழே போட்டுவிட்டு ஓடவில்லை? பார்க்கிறவன் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் பயம் கலைந்துவிடும். நான் தொழில் தெரிந்து சொல்கிறேன். ஒருமுறை மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், சமையல் புகையில் புளியமரத்துத் தேன்கூடு கலைந்துவிட்டது. கடன் வாங்கி வாங்கிய கேமராவை நாற்காலியில் எறிந்துவிட்டு மண்டபத்துக்குள் ஓடிய முதல் ஆள் நான்தான். மாப்பிள்ளை எனக்குப் பின்னால்தான் வந்தார்.

நேரலை இந்த ஓட்டையை அடைத்துவிட்டது. ஓடாமல் நிற்பதற்குத் திரையின் மூலையில் ஒரு காரணம் எரிந்துகொண்டே இருக்கிறது: இப்போது எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற எண். 2018-இல் வந்த தென்கொரியப் படமான 'கோன்ஜியாம்: ஹாண்டட் அசைலம்' இதை மிகத் தெளிவாகக் கையாண்டது. கைவிடப்பட்ட மனநல மருத்துவமனை ஒன்றுக்குள் ஒரு குழு இரவில் நுழைகிறது. குழுத்தலைவன் உள்ளே வராமல் வெளியே கூடாரத்தில் உட்கார்ந்து திரைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பார்வையாளர் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டால் விளம்பரப் பணம் கொட்டும் என்பது அவன் கணக்கு. அந்தக் கணக்குக்காகச் சில பயமுறுத்தல்களை அவனும் ஓரிரு கூட்டாளிகளும் முன்பே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். ஏற்பாடு செய்யாதது வரும்போதும், உள்ளே இருப்பவர்கள் அலறும்போதும், அவன் கண் எண்ணை விட்டு அகலுவதில்லை. அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு மருத்துவமனைக் கட்டடம் பாழடைந்து கிடந்தது; படப்பிடிப்பை மட்டும் பூசான் நகரத்தில் ஒரு பழைய பள்ளியில் நடத்தினார்கள். நடிகர்கள் உடம்பில் கட்டியிருந்த கேமராக்களில் ஒன்று முன்னால் இருப்பதைப் பார்க்கிறது, இன்னொன்று அவர்கள் முகத்தையே பார்க்கிறது. இருட்டில் கீழிருந்து வெளிச்சம் விழும் முகத்தைவிட அச்சம் தரும் காட்சி எதையும் என் தொழிலில் நான் கண்டதில்லை. கல்யாண ஆல்பத்தில் அப்படி ஒரு படம் வந்துவிட்டால் மணப்பெண்ணின் தாயார் பணம் தரமாட்டார்.

நேரலை வந்ததால் இன்னொரு மாற்றமும் நேர்ந்தது. அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பழைய படங்களில் எல்லாம் முடிந்தபின் யாரோ ஒருவர் சுருளைக் கண்டெடுத்தார், ஆகவே உதவிக்குப் போக வழியே இல்லாதிருந்தது. நேரலையில் கண்டெடுப்பதற்கு ஒன்றுமில்லை. நடக்கும்போதே ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பார்த்துவிட்டு 'செட்டப்' என்று கமென்ட் எழுதுகிறார்கள்.

உண்மையில், நேரலைபோல் நடித்துப் பயமுறுத்தும் உத்தியை வானொலிதான் முதலில் பெரிய அளவில் செய்துகாட்டியது. இதைச் சொன்னால் நிலையத்தார் மகிழ்வார்கள். 1938 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். வானொலியில் ஆர்சன் வெல்ஸ் நடத்திய நாடகம், இசை நிகழ்ச்சியின் நடுவே செய்தி அறிவிப்புகள் குறுக்கிடுவதுபோல் அமைந்து, செவ்வாய்க் கிரகத்தவர் நியூஜெர்சியில் இறங்கிவிட்டதாகச் சொன்னது. நாடே தெருவுக்கு ஓடிவந்தது என்று அப்போது பத்திரிகைகள் எழுதியது பெரும்பாலும் மிகை என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பி.பி.சி. தொலைக்காட்சி 1992 அக்டோபர் 31 இரவில் காட்டிய 'கோஸ்ட்வாட்ச்' இன்னும் துணிச்சலானது. மக்கள் நன்கறிந்த தொகுப்பாளர் மைக்கேல் பார்க்கின்சன் தம் சொந்தப் பெயரிலேயே அரங்கில் அமர்ந்து, பேய் நடமாடுவதாகச் சொல்லப்பட்ட வீட்டிலிருந்து நேரலை வழங்குவதாகக் காட்டினார்; நேயர்கள் அழைக்கத் தொலைபேசி எண்ணும் கொடுத்தார்கள். அது முன்பே பதிவு செய்த நாடகம். பிறகு பிரிட்டனில் பி.பி.சி. அதை மறுபடி ஒளிபரப்பவே இல்லை. இந்த உரையும் முன்கூட்டியே பதிவானதுதான். நீங்கள் இதைக் கேட்கும் நேரத்தில் நான் ஏதாவது ஒரு மண்டபத்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருப்பேன்.

கொரோனா ஊரடங்கின்போது ராப் சாவேஜ் இயக்கிய 'ஹோஸ்ட்' என்ற பிரிட்டிஷ் படம் 2020-இல் வந்தது. நண்பர்கள் ஜூம் அழைப்பில் கூடி ஆவியை அழைக்கிறார்கள். ஒருத்தி விளையாட்டாக, இல்லாத ஒருவன் பெயரைச் சொல்லி அழுது நடிக்கிறாள். அந்தப் பொய்யின் வழியே வேறொன்று உள்ளே வந்துவிடுகிறது. இயக்குநரும் நடிகர்களும் ஓரிடத்தில் கூடாமலே, நடிகர்கள் அவரவர் வீட்டில் கேமராவையும் விளக்கையும் தாங்களே வைத்து எடுத்த இப்படம் ஒரு மணி நேரம்கூட ஓடாது. படம் சுருக்கமாக இருப்பதை நான் பாராட்டுகிறேன். அதே ஆண்டில் வந்த 'ஸ்ப்ரீ' படத்தில் பேயே கிடையாது. பார்வையாளர்களுக்காக ஏங்கும் ஒரு வாடகைக் கார் ஓட்டுநன் தன் பயணிகளைக் கொல்வதை நேரலையாக அனுப்புகிறான், ஆனால் தொடக்கத்தில் பார்க்கத்தான் ஆளில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது 2022-இல் ஜோசஃப் விண்டர், வனெசா விண்டர் இருவரும் இயக்கிய 'டெட்ஸ்ட்ரீம்'. பெயர் கெட்டு, விளம்பர வருமானம் போன ஒரு யூடியூபர், இழந்த கூட்டத்தைத் திரும்பப் பெறுவதற்காகப் பேய் வீட்டில் தனியே ஓர் இரவு தங்குகிறான். பயந்து ஓடிவிடக்கூடாது என்பதற்காகத் தன் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டுக்குள் எறிகிறான், கதவைப் பூட்டிச் சாவியையும் தொலைக்கிறான். இவை எல்லாவற்றையும் பார்வையாளர்களுக்குக் காட்டிக்கொண்டே செய்கிறான். நடிப்பவரும் இயக்குநர்களில் ஒருவரான ஜோசஃப்தான். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நேரலைக் கேமராவால் பின்னோக்கிப் போக முடியாது. அப்படியானால் அந்த வீட்டில் முன்பு என்ன நடந்தது என்பதை யார் சொல்வது? பார்வையாளர்களே தேடிக் கண்டுபிடித்து அவனுக்கு வீடியோவாக அனுப்புகிறார்கள்.

தமிழில் இந்த வகை வேரூன்றத் தயங்கியதற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். நம் பேய்ப்படத்தின் முதுகெலும்பு ஃப்ளாஷ்பேக். நம் பேய் வெறுமனே பயமுறுத்த வருவதில்லை, வழக்குத் தொடுக்க வருகிறது. அதற்கு நேர்ந்த அநீதியைப் பாட்டோடு அரை மணி நேரம் காட்டியாக வேண்டும். 2025 மார்ச்சில் ஹேம்நாத் நாராயணன் இயக்கத்தில் வந்த 'மர்மர்', யூடியூப் குழு ஒன்றை நமக்குப் பக்கத்து ஜவ்வாது மலைக் காட்டுக்குள் அனுப்பித் தமிழில் இந்த வழியைத் தொடங்கிவைத்தது. நம் மாவட்டங்களில் இதற்கு இடத்துக்கா பஞ்சம்? சூளகிரி அருகே மல்லச்சந்திரத்து மலைமேல் பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்களான கற்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. ஊருக்கு ஊர் நடுகல்லை வேடியப்பன் என்று கும்பிடுகிறோம். ஒகேனக்கல் போகும் மலைப்பாதையில் சிக்னல் விட்டு விட்டு வருவதற்குச் செட் போடவேண்டியதில்லை. எடுப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான்: பின்னணி இசையை விட்டுவிடுங்கள். கையிலிருக்கும் போனில் பதிவாகும் காட்சிக்கு வயலின் எங்கிருந்து வந்தது? மூச்சுச் சத்தமும், மைக்கில் துணி உரசுவதும், தூரத்தில் நாய் குரைப்பதும் போதும்.

வழக்குத் தொடுக்கும் பேய் என்றதும் பழையனூர் நீலி நினைவுக்கு வருகிறாள். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவன் வணிகனாகப் பிறந்து வந்தபோது, கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என்று ஊர்ச்சபையில் அழுதாள். அவன் கதறினான். எழுபது வேளாளர்கள் இருவரையும் பார்த்தார்கள், குழந்தை அவனை அப்பா என்று அழைத்ததையும் கேட்டார்கள். அவள் சொல்வதே உண்மை, இவனுக்கு ஏதும் நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று வாக்களித்து ஒரே வீட்டில் தங்கவைத்தார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். நேரலைப் படங்களில் ஓடும் கமென்ட் வரிசையும் இப்படிப்பட்ட சபைதான். எது மெய், எது நடிப்பு என்று அங்கேயும் தீர்ப்புச் சொல்கிறார்கள். தீர்ப்புத் தவறினால் அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் திருவிழாக் கூத்தை நேரலையாக அனுப்ப ஒப்புக்கொண்டேன். இரணியன் கூத்து. நரசிம்ம வேடம் கட்டுகிறவருக்கு ஆவேசம் வந்துவிடும் என்பதால், இடுப்பில் துண்டைக் கட்டிப் பின்னால் நான்கு பேர் இழுத்துப் பிடித்துக்கொள்வது வழக்கம். இரணியனாக நடிப்பவரின் உயிர் அந்த நான்கு பேர் கையில். விடியற்காலை நான்கு மணிக்கு, தூணைப் பிளந்துகொண்டு வந்தவர் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே சரிந்தார். பிடித்திருந்தவர்கள் ஒரு நொடியில் புரிந்துகொண்டார்கள். ஆவேசம் வந்தவரின் உடம்பு விறைத்து இழுக்கும், இது துவண்டு தொங்கியது. முகமூடியைக் கழற்றி, தண்ணீர் தெளித்து, விசிறி, இரணியனே ஓடிப்போய் ஆட்டோவைக் கூட்டிவந்தார். என் திரையில் அந்நேரம் 'செம ஆக்டிங்', 'மெய்சிலிர்த்துப் போச்சு' என்று வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. வெளியூரில் இருந்தவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் கையில் துண்டின் நுனி இல்லை, துவள்வதும் விறைப்பதும் அவர்களுக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். நான் மூன்றடி தூரத்தில் நின்றேன். தேனீக்குப் பயந்து கேமராவை எறிந்தவன், அன்றைக்கு எறியவில்லை. 180 பேர் பார்த்துக்கொண்டிருந்தது 400-ஐத் தாண்டியிருந்தது; அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருக்குச் சர்க்கரை குறைந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னார். இரண்டு நாளில் எழுந்துவிட்டார். அடுத்த வாரம் கடைக்கு வந்தார். நான் எழுந்து நின்று ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் கையமர்த்திவிட்டு, "அந்தக் கீழ உழுந்த எடத்த மட்டும் வெட்டிக் குடுங்கண்ணே, ஸ்டேட்டஸ் வெக்கணும்" என்றார்.

வணக்கம்.