வேலையோடு படிப்பு: வளர்ச்சியே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் இருக்கிற நண்பர்களுக்கும், லீவு நாளின் சாயங்காலத்தை எங்களுக்காக ஒதுக்கி வந்து உட்கார்ந்திருக்கும் அம்பத்தூர் மக்களுக்கும் வணக்கம்.

‘முழுநேர வேலையில் இருந்துகொண்டே மறுபடி படிக்கப் போவதால் கிடைப்பது வளர்ச்சியா, தளர்ச்சியா?’ என்பது இன்றைய தலைப்பு. தளர்ச்சியே என்று மூன்று பேர் பேசிவிட்டார்கள். இங்கிருந்து தினமும் சோழிங்கநல்லூர் கம்பெனிக்குப் போய்வருகிற தம்பி, தொலைநிலையில் எம்.பி.ஏ. சேர்ந்து இரண்டாவது செமஸ்டரிலேயே விட்டதைச் சொன்னார். கட்டிய பணம் போனதைவிட, நம்மால் முடியவில்லையே என்ற நினைப்புதான் வலித்தது என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியதை நானும் கவனித்தேன். அப்புறம் ஆசிரியையான சகோதரி, அம்மாவே புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டால் பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்டார். கடைசியாகப் பேசிய ஐயா, கரஸில், அதாவது தபால்வழியில் வாங்கிய பட்டத்தை யாரும் மதிப்பதில்லை, இது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று முடித்தார்.

நான் 12-ஆம் வகுப்பு முடித்த வருடம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. 18 வயதில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில், நாம் எஸ்டேட் என்கிறோமே அங்கே, ஒரு பட்டறையின் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். 33 வயதில் சென்னைப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி நிறுவனத்தில் பி.காம். சேர்ந்தேன். மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்தில் முடித்தேன். அந்த ஐந்து வருடத்தை வைத்துக்கொண்டுதான் இந்த மேடையில் நிற்கிறேன்.

தளர்ச்சி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன் ஐயா. ஆனால் அது எங்கிருந்து வருகிறது? படிக்கச் சேர்வதற்கு முன் 15 வருடம் வேலை பார்த்தேன். காலை 5 மணிக்கு எழுந்து, குக்கர் வைத்து, டப்பா கட்டி, ஆவடியில் ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி எஸ்டேட்டுக்குள் நடந்து போனால் 9 மணி. சாயங்காலம் அதே வழியில் திரும்பி, பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழையும்போது கால் வீங்கியிருக்கும். அந்த 15 வருடத்தில் என் கையில் ஒரு பாடப் புத்தகம்கூட இல்லை. ஆனாலும் ராத்திரி 9 மணிக்குத் துவண்டுதான் விழுந்தேன். நாளைக் காலை 8 மணி லோக்கலில் ஏறிப் பாருங்கள். நின்றபடியே கண் மூடுகிறவர்களில் எத்தனை பேர் ராத்திரி படித்துவிட்டு வந்தவர்கள்? வேலையும் பயணமும் வீடும் சேர்ந்து கொடுக்கிற சோர்வுக்கு, படிப்பின் மேல் பழி போடுகிறோம்.

படிக்கச் சேர்ந்த பிறகு என்ன மாறியது என்றால், ராத்திரி 9.30 முதல் 11 வரை என்னுடைய நேரம் என்று ஆனது. அதுவரை ஒரு நாளில் எனக்கென்று அரை மணி நேரம்கூடக் கிடையாது, எனக்கென்று நேரம் வேண்டும் என்று கேட்கவும் தெரியாது. பரீட்சை என்று ஒன்று வந்ததும் வீடு அந்த ஒன்றரை மணி நேரத்தை விட்டுக்கொடுத்தது. ஐந்து வருடமும் அது என் கையை விட்டுப் போகவில்லை.

அடுத்தது, வேலையில் இருப்பவருக்குப் பாடம் புரிகிற விதமே வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும் ஐயா, மணியில் கை வைத்துவிடாதீர்கள்.

எங்கள் ஆபீஸில் மார்ச் வந்தால் எந்திரங்களுக்குத் தேய்மானம் போடுவோம், அதாவது ஓடி ஓடிப் பழசாவதற்காக அவற்றின் மதிப்பில் ஒரு பங்கைக் கணக்கில் கழிப்போம். சிலவற்றுக்கு 15 சதவீதம், சிலவற்றுக்கு ஏழரை. எதற்கு எது என்று பெரியவர் ஒருவர் பென்சிலால் குறித்துத் தருவார், நான் டாலியில் ஏற்றுவேன். பத்து வருடத்துக்கு மேல் ஏற்றினேன். ஏன் இதற்கு மட்டும் ஏழரை என்று ஒருநாளும் கேட்டதில்லை. நம் வேலை ஏற்றுவது, அவ்வளவுதான் என்றிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேப்பாக்கத்தில் நேரடி வகுப்பு. ஆவடியிலிருந்து சென்ட்ரல், அங்கே சாலையைத் தாண்டி பார்க் டவுன், பறக்கும் ரயில் பிடித்து சேப்பாக்கம். வருமான வரிப் பாடம். ஆசிரியர் பலகையில் 180 என்று எழுதி ஒரு வட்டம் போட்டார். வாங்கிய வருடத்தில் ஒரு எந்திரம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருந்தால் அந்த வருடம் பாதித் தேய்மானம்தான் என்றார். அப்படியென்றால் அக்டோபர் முதல் வாரம் தாண்டி ஓட ஆரம்பித்ததெல்லாம் முதல் வருடம் ஏழரை! எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்த 20 வயதுப் பெண் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். என் கண்முன்னால் எங்கள் ஷெட்டில் இருக்கிற லேத் ஒவ்வொன்றும், அது வந்து இறங்கிய மாதத்தோடு வரிசையாக வந்து நின்றது. அவளுக்கு அது ஐந்து மார்க் கேள்வி. எனக்கு அது பத்து வருடம் பூட்டிக் கிடந்த அறை.

அந்த மார்ச்சில் பட்டியல் கைக்கு வந்தது. செப்டம்பர் 12-ஆம் தேதி ஓட ஆரம்பித்த 4 லட்ச ரூபாய் மெஷின், பக்கத்தில் ஏழரை என்று பென்சில் குறிப்பு. காலண்டரை எடுத்து எண்ணினேன். மார்ச் 31 வரை 201 நாள். 60,000 ரூபாய் தேய்மானம் போட வேண்டிய இடத்தில் 30,000 போடச் சொல்லியிருந்தது. கை நடுங்கியது, பெரியவர் எழுதியதை நான் எப்படித் தப்பு என்பது? இரண்டு நாள் யோசித்துவிட்டு ஆடிட்டரிடம் காட்டினேன். அவர் பில்லைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். “இதை யாரும்மா பார்த்தது?” என்றார். அடுத்த வருடத்திலிருந்து அந்தப் பட்டியலை நானே தயாரித்தேன். சம்பளம் உயர ஒன்றரை வருடம் ஆனது, அது வேறு. பென்சில் குறிப்புக்காகக் காத்திருந்தவள் கையில் பென்சில் வந்தது அன்றைக்குத்தான்.

இப்போது தம்பிக்கு வருகிறேன். தம்பி, ஒரே செமஸ்டரில் ஏழு பேப்பரையும் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்ததாகச் சொன்னீர்கள். அதைத்தான் நானும் முதல் வருடம் செய்தேன். ஐந்து பேப்பருக்குப் பணம் கட்டி, மூன்றில் அரியர் வைத்தேன். கூடவே, அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் பரீட்சைக்குக் கேட்ட லீவு கிடைக்காமல் ஒரு பேப்பருக்குப் போகவே முடியவில்லை. ஹால் டிக்கெட்டை ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு வேலை பார்த்த நாள் அது. ஆனால் காலேஜ் பிள்ளையின் வேகத்தில் ஓட வேண்டும் என்று நமக்கு யார் சொன்னது? இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருட இளங்கலையை முடிக்க ஆறு வருடம் வரை அவகாசம் உண்டு. முதுகலைக்கு இரண்டு என்றால் நான்கு. இந்தச் சென்னையில் ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய ஆன்லைன் பி.எஸ். படிப்பில், ஒரு பருவத்துக்கு எத்தனை பாடம் எடுப்பது என்பதை மாணவரே முடிவு செய்யலாம். நடுவில் ஒரு கட்டத்தோடு நின்றால்கூட அதுவரை முடித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ உண்டு. வேலைக்குப் போகிறவன் மெதுவாகத்தான் வருவான் என்று தெரிந்துதானே இப்படி அமைத்திருக்கிறார்கள்? நீங்கள் தோற்றுப்போகவில்லை தம்பி. ஒருநாள் சாப்பாட்டை ஒரே வாயில் போடப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். இரண்டு பேப்பரோடு திரும்பச் சேருங்கள்.

பிள்ளையை யார் பார்ப்பது என்று சகோதரி கேட்டது நியாயமான கேள்வி. என் பையன் அப்போது ஏழாம் வகுப்பு. “படி, படி” என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன், அவன் புத்தகத்துக்குள் வேறு எதையோ வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் தரையில் பாய் போட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்த பிறகு கத்துகிற வேலை இல்லாமல் போனது. எதிர்ப்பக்கம் அவனும் உட்கார்ந்தான். காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சைக்கு முந்தின ராத்திரி, என் கைடைப் பிடுங்கிக்கொண்டு, “மா, ஓவர்ஹெட்னா என்ன சொல்லு” என்று அவன் கேள்வி கேட்டான். புத்தகத்து வரியை ஒப்பித்தேன். “புரியல” என்றான். நம் வீட்டு காஸ் சிலிண்டரை எடுத்துக்கொள், அதில்தான் சாதம், சாம்பார், உனக்குப் பால், பாட்டிக்கு வெந்நீர் எல்லாம். சாம்பாருக்கு மட்டும் எவ்வளவு காஸ் என்று தனியாக பில் வராது, ஆனால் சாம்பாரின் விலையில் காஸுக்கும் பங்கு உண்டு, அந்தப் பங்கை எப்படிப் பிரிப்பது என்பதுதான் கணக்கு என்றேன். அவனுக்குப் புரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. இரண்டு தடவை தவறவிட்ட பேப்பரை அந்தத் தடவை பாஸ் செய்தேன்.

இதில் என் கணவரையும் மாமியாரையும் விட்டுவிட்டுப் பேசினால் பாவம் வந்து சேரும். ராத்திரிப் பாத்திரத்தை ஐந்து வருடம் என் கணவர்தான் கழுவினார். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட என் அத்தை, ஒவ்வொரு பரீட்சை நாளும் என் ஹால் டிக்கெட்டைச் சாமி விளக்கு முன்னால் வைத்து, அதன் ஓரத்தில் விபூதி தடவித் தருவார்கள். இந்தத் துணை இல்லாதவர்களுக்கு இது மிகவும் கஷ்டம், ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வீடுதான் கொஞ்சம் மாற வேண்டும். அந்தப் பெண்ணைப் படிக்காதே என்று சொல்வது எப்படிச் சரியாகும்?

பட்டத்துக்கு மதிப்பில்லை என்றார் ஐயா. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ வாங்கிய பட்டம், நேரில் போய்ப் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. ஆனால் ஐயா சொன்னதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, அதை எடுத்துக்கொள்கிறேன். சேருகிற வருடத்தில் அந்தப் படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று மானியக் குழுவின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இன்ஜினியரிங், மருத்துவம், நர்சிங் இவற்றைத் தொலைநிலையில் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அரசு வேலை எண்ணம் இருந்தால் பத்து, பன்னிரண்டு, அப்புறம் பட்டம் என்ற வரிசை மாறக் கூடாது.

படிக்கிற வயதில் படிப்பு, வேலை செய்கிற வயதில் வேலை என்றும் ஐயா சொன்னார். கடற்கரை ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே துறைமுகம். 1912 மார்ச்சில் அந்தத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். பச்சையப்பன் கல்லூரியில் எஃப்.ஏ., அதாவது பட்டப் படிப்புக்கு முந்தைய பரீட்சை, தேறாதவர். வேலையில் இருந்துகொண்டேதான் கணக்குப் போட்டார், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதினார். ராமானுஜன். அதே வருடம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து அவரை அந்த மேசையிலிருந்து எழுப்பியது. எல்லாரும் ராமானுஜன் ஆக முடியாது, தெரியும். ஆனால் அந்தக் கடிதத்தை எழுதியது ஒரு குமாஸ்தா.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்கிறீர்கள். நடவு நடுகிற பெண்ணைப் பாருங்கள் ஐயா. இரண்டு காலும் சேற்றில்தான் இருக்கிறது. கை நாற்றை ஊன்றிக்கொண்டே போகிறது.

மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு 45 ஆச்சு, பிளஸ் டூ மார்க் ஷீட் வெள்ளத்துல போயிடுச்சு, இனிமே சேர முடியுமா?” என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா, வயது தடையே இல்லை. மார்க் ஷீட்டுக்கு, நீங்கள் படித்த பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பாருங்கள். அரசுத் தேர்வுகள் துறையில் மறுபிரதி வாங்க வழி உண்டு. என்ன எழுத வேண்டும், எங்கே கொடுக்க வேண்டும் என்று கூட உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன். தீர்ப்பு முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள், மேடைக்குப் பின்னால் நிற்கிறேன்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். வணக்கம்.