93 டிகிரி
(கொடைக்கானலில் நடந்த ஆசிரியர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருப்பவர்களைப் பெயர் பெயராக விளிக்கத் தொடங்கினால் அதற்கே பத்து நிமிடம் போய்விடும். வத்தலக்குண்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மாணவர்களின் சிந்தனைத் திறனை வளர்ப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு மாணவனின் சிந்தனையை நிறுத்திய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1996இல் மாற்றலாகி இந்த மலைக்கு வந்தேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியல். ஒரு நாள் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பநிலை பார்க்கும் சோதனை. மேல்மலைக் கிராமத்திலிருந்து வருகிற பையன் ஒருவன். மெல்லக் கற்போர் பட்டியலில் முதல் பெயர் அவனுடையதுதான். "சார், 93லயே நின்னுடுச்சு, மேல ஏற மாட்டேங்குது" என்றான். நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "வெப்பமானி பழசுடா, 100ன்னு எழுது" என்றேன். எழுதினான். டிக் போட்டேன்.

அதே வாரத்தில் வீட்டில் குக்கர் கேஸ்கட் போய்விட்டது. துவரம்பருப்பைப் பாத்திரத்தில் போட்டு வேகவைத்தார் என் மனைவி. ஒரு மணி நேரம் ஆகியும் பருப்பு கல்லு மாதிரி கிடந்தது. "இந்த ஊர்ல குக்கர் இல்லாம பருப்பு வேகாதுங்க" என்றார். ஆமாம் என்றேன். ரசம் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை! உறைத்தது இரண்டு வருடம் கழித்து, வேறொரு வகுப்பில் அதே பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது.

நாம் இப்போது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் சுமார் ஐந்தில் நான்கு பங்குதான் இங்கே. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். 300 மீட்டர் ஏறினால் சுமார் ஒரு டிகிரி இறங்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 93 வரும். கொதிக்கிற தண்ணீரே அவ்வளவு சூடுதான் என்றால் பருப்பு எப்படி வேகும்? குக்கர் மூடிக்குள் அழுத்தம் கூடுவதால் கொதிநிலையும் ஏறுகிறது, வேகிறது. பையன் சொன்னது சரி. வெப்பமானியும் சரி.

அழுத்தமும் கொதிநிலையும் எனக்குத் தெரியாத பாடமல்ல, பரீட்சைக்குப் படித்து மார்க் வாங்கியவன். பருப்பு வேகாததும் தெரியும். ஆனால் ஒன்று பள்ளிக்கூடப் பெட்டியில் இருந்தது, இன்னொன்று சமையல்கட்டுப் பெட்டியில். இரண்டையும் ஒரே நேரத்தில் நான் திறந்ததே இல்லை. உயர்நிலைச் சிந்தனை என்று நாம் பெரிய பெயர் வைத்திருக்கிறோமே, என் அனுபவத்தில் அதில் முக்கால்வாசி இந்த இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான்.

சிந்தனைத் திறன்களைக் கீழிருந்து மேலாக அடுக்கிக் காட்டும் பெஞ்சமின் புளூமின் படிநிலைகளைப் பயிற்சி வகுப்புகளில் நாம் எல்லோரும் வரைந்திருக்கிறோம். 1956இல் வந்தது, 2001இல் திருத்தினார்கள். நினைவுகூர்தல், புரிதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல். பயனுள்ள வரிசைதான், குறை சொல்லவில்லை. ஆனால் 'ஏன்' என்று தொடங்கினாலே அது உயர்நிலை வினா என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. ஏன் என்பதற்கான நான்கு வரி விடை கைடில் அச்சாகி, பையன் அதை மனப்பாடம் செய்துவிட்டால் அந்த 'ஏன்' வெறும் நினைவுகூர்தல். "100 டிகிரி என்று புத்தகம் சொல்கிறது, நீ பார்த்தது 93. யார் சொல்வது தப்பு, எப்படிக் கண்டுபிடிப்பாய்?" இதற்குக் கைடில் விடை கிடையாது.

பீசா என்ற சர்வதேசத் தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் கலந்துகொண்டன. 15 வயதுப் பிள்ளைகள் படித்ததைப் பழக்கமில்லாத இடத்தில் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கும் தேர்வு அது. 70க்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் எழுதியதில் நாம் கடைசி வரிசையில் இருந்தோம். கேள்விகள் நம் சூழலுக்கு ஒத்துவரவில்லை என்றார்கள். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் கொடைக்கானல் தண்ணீர் நம் சூழல்தானே, அதையே நான் கேட்கவில்லையே!

இந்த இடத்தில் ஒரு குறள் சொல்வேன் என்று எதிர்பார்ப்பீர்கள். சொல்லப் போவதில்லை. நம் மலையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பூம்பாறை போகிற வழியில் இருக்கும் சூரிய ஆய்வகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பீர்கள். 1901 முதல் அங்கே சூரியனைப் பார்த்துக் குறித்துவருகிறார்கள். 1908இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல், சூரியன்மேல் கருந்திட்டுகளாகத் தெரியும் சூரியப் புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்தப் புள்ளிகளில் வாயு புயல் மாதிரி சுழல்கிறது என்பது அப்போதைய எண்ணம். நம் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் அந்தச் சுழற்சியைத்தான் தேடினார். 1909 ஜனவரியில் அவருக்குக் கிடைத்த நிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவில், சுழற்சி தெரியவில்லை. வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. கருவி பழசு என்று அவர் விட்டுவிடவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்று பெயர். அதற்கு அடுத்த ஆண்டு, 1910இல், ஜான் டூயி என்ற கல்வியாளர் சிந்தனை எங்கிருந்து தொடங்குகிறது என்று எழுதினார். குழப்பத்திலிருந்து, தடுமாற்றத்திலிருந்து என்பது அவர் கருத்து. நாமோ குழப்பம் வந்த நிமிடமே விடையைச் சொல்லி அதைத் தீர்த்துவைத்துவிடுகிறோம்.

எவ்வளவு சீக்கிரம் தீர்த்துவைக்கிறோம் தெரியுமா? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைகளில் இதை அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு விநாடிதான். அதை மூன்று விநாடியாக்கினால் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நாளைக்கு நின்று பாருங்கள். எனக்குப் பழக ஒரு வருடம் ஆனது.

அப்புறம் ஒரு நோட்டு. வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் மூன்றே வரி. முன்பு என்ன நினைத்தேன், இப்போது எது மாறியது, இன்னும் எது புரியவில்லை. மார்க் கிடையாது, சிவப்பு மை கிடையாது. முதல் மாதம் எல்லோரும் 'எல்லாம் புரிந்தது' என்றே எழுதினார்கள். எனக்குப் பயந்து எழுதியது. நானும் என் நோட்டில் எனக்குப் புரியாததை எழுதி வகுப்பில் வாசித்த பிறகுதான் பிள்ளைகளுக்குத் தைரியம் வந்தது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதினாள்: "பூண்டு பூக்கும் தாவரம் என்று பாடத்தில் இருக்கிறது. நாங்கள் பல்லைத்தான் நடுகிறோம். எங்கள் தோட்டத்தில் நான் பூவே பார்த்ததில்லை. விதை எங்கே?" இரண்டு பெட்டியும் அவளே திறந்துவிட்டாள். அந்த வாரம் முழுக்க வகுப்பே அதைப் பற்றித்தான் பேசியது.

போர்ஷன் எப்படி முடியும் என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. முடியாதுதான், எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்தினால். மாதம் ஒரு பாடம் போதும். ஆனால் 'இதெல்லாம் நல்லாப் படிக்கிற பசங்களுக்கு, மெல்லக் கற்போருக்குப் பாஸாகிற அளவுக்கு மினிமம் மெட்டீரியல் போதும்' என்று மட்டும் பிரிக்காதீர்கள். 93 என்று சொன்னவன் யார் என்று முன்பே சொன்னேன்.

அவனை மூன்று வருடம் முன்பு மன்னவனூரில் பார்த்தேன். கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தான். அந்தச் சோதனையைச் சொல்லி, நீ சொன்னதுதான் சரி என்றேன். "தெரியும் சார். அன்னைக்கே பக்கத்து குரூப் தெர்மாமீட்டரை வாங்கி வெச்சுப் பாத்தேன். அதுலயும் 93தான்" என்றான். பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. காரணம் தெரியும்.

டீ கொதிக்கிற வாசனை வருகிறது. நான் இரண்டு வெப்பமானி கொண்டுவந்திருக்கிறேன். டம்ளரை எடுப்பதற்கு முன் ஒரு தாளில், டீத்தூள் போட்டுக் கொதிக்கிற தண்ணீர் எத்தனை டிகிரியில் நிற்கும், 93ஆ, கூடவா, குறைவா, ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று எழுதி மடித்துப் பையில் வையுங்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதாதீர்கள். வாருங்கள், போய்ப் பார்க்கலாம்.