அலுவலகப் பணியாளர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்கலாம்?

[திரையில்: 40, 48, 55, 70 ஆகிய எண்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

வணக்கம். மாதச் சம்பளத்துக்கு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உழைக்கலாம் என்று கேட்டால், ஒருவர் 40 என்கிறார், இன்னொருவர் கூசாமல் 70 என்கிறார். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் பார்ப்போம்.

தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இல் தனது முதல் ஒப்பந்தத்திலேயே வகுத்தது. கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் அதே வரம்பு வர 1930 ஆயிற்று. அமெரிக்காவில் 1938இல் இயற்றப்பட்ட சட்டம், 1940 முதல் 40 மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும் என்றது.

ஆனால் அந்தச் சட்டம் நிர்வாகிகளுக்கும் தொழில்முறை வல்லுநர்களுக்கும் விலக்கு அளித்தது. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. 41ஆம் மணிக்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டிய முதலாளி, அந்த மணி நேரம் உண்மையில் தேவைதானா என்று யோசிப்பார்; அதே நேரத்தைக் காசு கொடுக்காமல் பெற முடியும் என்றால் யோசிக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை.

[திரையில்: வேலை நேரமும் உற்பத்தியும் காட்டும் வரைபடம். கோடு ஏறி, பிறகு படுக்கிறது.]

நேரத்தைக் கூட்டினால் வேலையும் கூடுமா? முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் போர்த்தளவாட ஆலைகளில் எடுக்கப்பட்ட பதிவுகளைப் பொருளியலாளர் ஜான் பென்கவெல் ஆராய்ந்து, 2014இல் முடிவுகளை வெளியிட்டார். வாரத்துக்கு ஏறத்தாழ 50 மணி நேரம் வரை உற்பத்தி வேலை நேரத்துக்கு ஏற்ப உயர்ந்தது. அதற்கு மேல் உயர்வு மந்தமானது. 70 மணி நேர வாரத்தின் உற்பத்தி, 56 மணி நேர வாரத்தினதைவிடச் சொற்பமே அதிகமாக இருந்தது.

அது உடலுழைப்பு, அலுவலகத்துக்குப் பொருந்தாது என்று சிலர் மறுக்கலாம். ஆலையில் செய்த பொருளை எண்ணிப் பார்க்க முடிந்ததால் வீண் வெளியே தெரிந்தது. அலுவலகத்தில் அது தெரிவதில்லை, அவ்வளவுதான். இரவு எட்டரை மணிக்குக் களைத்த கண்ணோடு எக்செல் கோப்பில் கூட்டல் சூத்திரத்தை ஒரு வரிசை தள்ளிப் போட்டுவிட்டால், மறுநாள் காலை இரண்டு பேர் உட்கார்ந்து தொகை ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேடுவார்கள். அந்தத் தேடலும் வேலை நேரமாகவே பதிவாகும்.

உடல்நலக் கணக்கு இதைவிடக் கறாரானது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம். இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடு அதிகம்.

நேரத்தைக் குறைத்தும் பார்த்திருக்கிறார்கள். ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை 2,500க்கும் மேற்பட்டோர் சம்பளம் குறையாமல் 35, 36 மணி நேரத்துக்கு மாறினார்கள். பெரும்பாலான இடங்களில் வேலையின் அளவு குறையவில்லை. கூட்டங்களைச் சுருக்கியதும், மின்னஞ்சலில் முடியும் விஷயத்துக்குக் கூட்டம் போடாததும் இதற்குக் கைகொடுத்தன. பிரிட்டனில் 2022இல் 61 நிறுவனங்கள் நான்கு நாள் வாரத்தை முயன்றபோதும் பெரும்பாலானவை அதைத் தொடர்ந்தன. அவை தாமாக முன்வந்த நிறுவனங்கள் என்பதால், எல்லா அலுவலகங்களுக்கும் இதைச் சான்றாகக் கொள்ள நான் தயங்குகிறேன்.

ஆகவே என் கணிப்பு இது: வழக்கமான வாரத்துக்கு 40 மணி நேரம் போதும், கணக்கு முடிக்கும் காலம் போன்ற நெருக்கடியில் சில வாரங்கள் 48 வரை போகலாம், பிறகு அதை விடுப்பாக ஈடுகட்ட வேண்டும், 55ஐ எந்தக் காரணத்துக்காகவும் தொடக்கூடாது.

[திரையில்: இரவு 10.15. கைப்பேசியில் அலுவலகச் செய்தி ஒன்று.]

இந்த 40இல் எதையெல்லாம் சேர்ப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டிலிருந்து அனுப்பும் பதிலும், ஞாயிற்றுக்கிழமை திருத்தும் அறிக்கையும் வேலை நேரமே. பிரான்ஸில் 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை குறித்து ஊழியர் தரப்போடு பேச வேண்டும் என்று 2017 முதல் சட்டமே சொல்கிறது. அத்தகைய சட்டம் இல்லாத இடத்தில், எத்தனை மணிக்குப் பிறகு பதில் எதிர்பார்க்கப்படாது என்பதை வேலையில் சேரும்போதே மேலாளரிடம் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.