அடிமனை இல்லாத ஊர்: சாக்ரமென்டோ ஆற்றங்கரையின் லாக்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட ஊரை முழுவதும் சுற்றி வரக் கால் மணி நேரம் போதும். கலிஃபோர்னியா மாநிலத்தின் தலைநகரான சாக்ரமென்டோவிலிருந்து ஆற்றை ஒட்டியே தெற்கே சுமார் 30 மைல் வந்தால் இடப்பக்கம் லாக் என்ற அந்த ஊர் வரும். இன்று அங்கே நூறு பேர்கூடக் குடியில்லை. சாலையில் வண்டியில் போகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது ஊரின் தரைத்தளம் அன்று, மாடிதான். ஆற்று வெள்ளத்தைத் தடுக்கும் மண்கரையின் உச்சியில் சாலை ஓடுகிறது. கரையின் உட்சரிவை அணைத்தபடி மரவீடுகள் நிற்கின்றன. ஒரே கட்டடத்தின் மாடிக்கதவு கரைச்சாலைக்குத் திறக்கிறது, கீழ்க்கதவு பத்தடி பள்ளத்தில் இருக்கும் மெயின் தெருவுக்குத் திறக்கிறது. எதிர்ப்படும் இரண்டு வண்டிகள் விலகிப்போகத் தயங்கும் அளவுக்குக் குறுகிய தெரு அது. செங்கல் கட்டடத்தை அங்கே தேட வேண்டியதில்லை. சாயம் போன பலகைகள், தொய்ந்த மாடித் தாழ்வாரங்கள், பக்கத்து வீட்டுத் தோளில் சாய்ந்து நிற்கும் வீடுகள், இவைதாம் ஊர்.

இந்த ஊருக்கு மேயர் இருந்ததில்லை, நகரசபையும் இருந்ததில்லை. அமெரிக்காவில் ஓர் ஊர் தன்னைத் தானே ஆள வேண்டுமானால், அங்கு வாழ்வோர் மனுக்கொடுத்து, வாக்களித்து, மாநிலச் சட்டப்படி நகரமாகப் பதிவாக வேண்டும். அப்படிப் பதிவாகாத ஊர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கவுண்டி எனப்படும் மாவட்ட நிர்வாகமே அவற்றை நேரடியாகப் பார்த்துக்கொள்ளும். பெரும்பாலான இடங்களில் மக்கள் தொகை போதாது, அல்லது வரி கூடுமே என்ற தயக்கம், அவ்வளவுதான் காரணம். லாக்கில் காரணம் வேறு. அந்த ஊரைக் கட்டியவர்கள் சீனாவிலிருந்து வந்தவர்கள்; அவர்களுக்குக் குடியுரிமை பெறும் உரிமையையே சட்டம் மறுத்திருந்தது. வாக்கில்லாதவர்கள் எதற்கு வாக்களித்து நகரமாவது? ஆகவே 'பதிவாகாத ஊர்' என்ற அந்த வறண்ட அலுவலகச் சொல்லை லாக்கின் விஷயத்தில் வெறும் நிர்வாக வகைப்பாடாக நான் எடுத்துக்கொள்வதில்லை. இந்த ஊரின் கதை முழுவதும் அதற்குள் இருக்கிறது.

முதலில் அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாக்ரமென்டோ ஆறும் சான் வாக்கீன் ஆறும் கலக்கும் அந்தப் பரப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை டூலி என்னும் உயரமான கோரை மண்டிய சதுப்புநிலம். 1850-இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று சதுப்புநிலங்களை மாநிலங்களுக்குக் கொடுத்தது. மாநிலம் அவற்றைக் குறைந்த விலைக்கு விற்றது. ஒருவர் இவ்வளவுதான் வாங்கலாம் என்ற வரம்பு 1868-இல் நீங்கியதும் பெருமுதலாளிகள் ஆயிரக்கணக்கான ஏக்கர்களை வளைத்தார்கள். நிலம் கையில் இருந்தது, ஆனால் அது தண்ணீருக்கடியில் இருந்தது. கரை போட ஆள் வேண்டும். 1869-இல் கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில்பாதை வேலை முடிந்து, அதில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் கூலி தேடி நின்ற நேரம் அது. மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக, இடுப்பளவு நீரில் நின்று, வெட்டிய மண்ணைக் கன அளவு கணக்கில் கூலிக்குக் கொட்டி அந்தக் கரைகளை எழுப்பியவர்கள் அவர்கள். மக்கிய கோரையால் ஆன அந்த மண் எவ்வளவு மென்மையானது என்றால், உழவுக்குதிரைகளின் குளம்பு புதையாமல் இருக்க அகலமான தட்டைக் காலணிகளை மாட்டிவிட்டார்கள். 1860-க்கும் 1880-க்கும் இடையில் சுமார் 88,000 ஏக்கர் இவ்வாறு மீட்கப்பட்டதாகக் கணக்குச் சொல்கிறார்கள். பிறகு நீராவியால் இயங்கும் தூர்வாரும் இயந்திரங்கள் வந்தன. மண்வெட்டிக்கு வேலை போயிற்று. கரை போட்டவர்கள் அதே கரைக்குள் பேரித் தோட்டங்களிலும் அஸ்பாரகஸ் வயல்களிலும் கூலிகளாகவும் வாரக் குத்தகைக்காரர்களாகவும் தங்கினார்கள்.

இவர்களில் ஒரு பெரும்பகுதியினர் குவாங்டொங் மாகாணத்தின் ஜொங்ஷான் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். அன்று அதன் பெயர் சியாங்ஷான். அங்கே பிறந்த சுன் யாட்-சென் இறந்த 1925-இல்தான் அவர் நினைவாகப் பெயர் மாறியது. அதுவும் முத்தாற்றுக் கழிமுகத்து மண். கரை போட்டு, நீரை வடித்து, வண்டலில் பயிர் செய்வது தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்களின் தொழில். அமெரிக்க முதலாளிகள் தாங்கள் மலிவான உடலுழைப்பை வாங்கியதாகவே எண்ணியிருப்பார்கள். ஒரு கழிமுகத்தின் அறிவு இன்னொரு கழிமுகத்துக்கு இலவசமாக வந்து சேர்ந்தது என்பது என் எண்ணம்.

இப்போது ஊருக்கு வருவோம். லாக்குக்குத் தெற்கே ஒரு நடை தூரத்தில் வால்நட் குரோவ் இருக்கிறது. அங்கே இருந்த சீனர் குடியிருப்பு 1915 அக்டோபரில் தீப்பற்றி அழிந்தது. அதில் இரண்டு வட்டாரத்தார் அடுத்தடுத்து வாழ்ந்துவந்தார்கள்: ஸே யாப் வட்டாரத்தார், ஜொங்ஷான்காரர்கள். இருவரும் சீனரே என்றாலும் ஒருவர் பேச்சு மற்றவருக்குச் சரளமாக விளங்காது. ஸே யாப் மக்கள் எரிந்த இடத்திலேயே திரும்பக் கட்டினார்கள். ஜொங்ஷான்காரர்களோ லீ பிங் என்ற வணிகரின் முன்னணியில், வடக்கே பேரித் தோட்டம் வைத்திருந்த ஜார்ஜ் லாக் என்பவரிடம் போய் இடம் கேட்டார்கள். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அவர் நிலத்தில் சில சீனக் கட்டடங்கள் எழுந்திருந்தன. எதிரே ஆற்றோரம் சதர்ன் பசிஃபிக் ரயில் நிறுவனத்தின் சரக்குக் கொட்டகை இருந்ததால் வேலைக்கும் குறைவில்லை. அவர் சம்மதித்தார்.

அந்தச் சம்மதம் எப்படிப்பட்டது என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1913-இல் கலிஃபோர்னியா ஒரு நிலச்சட்டம் கொண்டுவந்தது. குடியுரிமை பெறத் தகுதியற்ற அயலார் விளைநிலம் வாங்கக் கூடாது, குத்தகையும் மூன்றாண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்றது அது. 1920-இல் குத்தகையையும் தடுத்துவிட்டது. 'குடியுரிமை பெறத் தகுதியற்ற' என்ற சொற்றொடரில் சீனர் என்றோ ஜப்பானியர் என்றோ பெயர் கிடையாது; ஆனால் அது யாரைச் சுட்டியது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே நிலம் லாக் குடும்பத்தாருக்கு, அதன்மேல் நிற்கும் கட்டடம் சீனர்களுக்கு, நிலத்துக்கு வாடகை என்று வாய்ப்பேச்சாகவே முடிந்தது. கோயில் நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்த குடும்பங்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அடிமனை ஒருவருக்கு, மேற்கட்டடம் இன்னொருவருக்கு என்ற அதே ஏற்பாடு. வேற்றுமை என்னவென்றால், நம் ஊரில் ரசீதுக்கும் பதிவுக்கும் பின்னால் ஒரு சட்டம் நின்றது. லாக்கில் சட்டம் எதிரே நின்றது.

பத்திரமில்லாத அந்த நிலத்தில் சில ஆண்டுகளில் ஓர் ஊரே எழுந்துவிட்டது. மளிகைக் கடைகள், மூலிகைக் கடை, மாவரைக்கும் ஆலை, தங்கும் விடுதிகள், ஒரு நாடகக் கொட்டகை, சீன மொழிப் பள்ளி எல்லாம் வந்தன. நிலையாக அறுநூறு பேர் வரை வாழ்ந்தார்கள். அறுவடைக் காலத்தில் கூட்டம் ஆயிரத்தைத் தாண்டும். ஊருக்கென்று போலீஸ் கிடையாது. இரவுக் காவலர் ஒருவர் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு மணிக்கொரு முறை தெருவில் நடப்பார். ஒரு தீயால் பிறந்த மரவீட்டு ஊருக்கு அந்தத் தட்டொலி எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

பிள்ளைகள் பகலில் வால்நட் குரோவில் இருந்த பள்ளிக்குப் போனார்கள். ஆசியப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒதுக்கப்பட்ட பள்ளி அது. அப்படிப் பிரிக்கச் சட்டமே இடம் கொடுத்தது. மாலையில் சொந்த ஊர்ச் சீனப் பள்ளிக்குப் போவார்கள். சீனத் தேசியக் கட்சியான கோமின்டாங்கைச் சேர்ந்தவர்கள் எழுப்பிய அந்தக் கட்டடம் 1954-இல் புதுப்பிக்கப்பட்டபோது, அதற்கு உதவிய ஜோ ஷூங்கின் பெயரைத் தாங்கியது. நேஷனல் டாலர் ஸ்டோர்ஸ் என்ற கடைத்தொடரை நடத்திய அவரும் ஜொங்ஷான் வழிவந்தவரே. ஊர்ப்பற்று எவ்வளவு தூரம் கடல் கடந்து வருகிறது பாருங்கள்.

சூதாட்டத்தைச் சொல்லாமல் லாக்கைப் பற்றிப் பேசினால் அது பாதிக் கதை. தாய் லோய் என்ற சூதாட்டக்கூடம் 1916 முதல் 1951 வரை நடந்தது. இன்று அது அருங்காட்சியகம். அங்கே ஆடிய ஆட்டங்களில் ஒன்று ஃபான் தான். ஒரு குவியல் பொத்தான்களின்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எதிலாவது பணம் கட்ட வேண்டும். கட்டி முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, மெல்லிய குச்சி ஒன்றால் பொத்தான்களை நான்கு நான்காக ஒதுக்குவார்கள். கடைசியில் மீந்தவை எத்தனை என்பதுதான் விடை. ஏமாற்று இல்லை என்று காட்டவே விரல்படாமல் குச்சியால் ஒதுக்குவது. சட்டைக்கை நீண்டிருந்தால் மடித்துவிட வேண்டும். பதினான்கு மணி நேரம் வயலில் குனிந்து நின்றவன் இதற்கா காசைக் கொண்டுவந்து கொட்டினான் என்று இன்று எளிதாகக் கேட்டுவிடலாம். அவன் கைக்கு எட்டும் வேறு வாழ்க்கை எது இருந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டத்தால் தொழிலாளி தன் மனைவியை வரவழைக்க முடியாது. வெள்ளைப் பெண்ணை மணக்கவும் கலிஃபோர்னியச் சட்டம் 1948 வரை இடம் கொடுக்கவில்லை. இளமையில் வந்தவர்கள் பலர் தனிக்கட்டையாகவே அந்த விடுதி அறைகளில் மூப்படைந்தார்கள். சூதாட்டக்கூடத்தில் வெளிச்சம் இருந்தது, சுடச்சுடத் தேநீர் இருந்தது, தன் ஊர்ப் பேச்சு காதில் விழுந்தது.

ஒன்றை இங்கே இடைச்செருகலாகச் சொல்லத் தோன்றுகிறது. 1906-ஆம் ஆண்டின் சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் தீயிலும் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. அதன்பின் பலர், தாம் அமெரிக்காவில் பிறந்ததால் அந்நாட்டுக் குடிமக்கள் என்றும், சீனாவில் தமக்கு இத்தனை மகன்கள் என்றும் அறிவிக்க, அந்த இல்லாத மகன்களின் பெயரில் வேறு இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். 'காகித மகன்கள்' என்று அவர்களுக்குப் பெயர். அதைக் கண்டுபிடிக்க, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் குடியேற்ற நிலையம் இருந்த ஏஞ்சல் தீவில் இறங்கியவர்களை நாட்கணக்கில் விசாரித்தார்கள்: உன் வீட்டு வாசலுக்கு எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில்? பக்கத்து வீட்டுக்காரருக்கு எத்தனை பிள்ளைகள்? மனப்பாடம் செய்த விடைகளைச் சொல்லி, இரவல் குடும்பப்பெயரைச் சுமந்து டெல்டாவின் தோட்டங்களுக்கு வந்தவர்களும் உண்டு. ஆக, உண்மையான வீட்டுக்குக் காகிதம் இல்லை, காகிதத்தில் இருந்த தகப்பனோ உண்மையில்லை. இந்த இரண்டையும் ஒரே மனிதன் ஒரே ஆயுளில் சுமந்திருக்கிறான்.

சீனர் அல்லாதார் லாக்கில் தொடங்கிய முதல் கடை 1934-இல் வந்தது. லீ பிங்கின் உணவகம் இருந்த இடத்தை வாங்கிய ஆல் அடாமி என்ற இத்தாலியர், தம் இனத்தாரை இழிவாகக் குறிக்கும் வசைச்சொல்லையே தம் பெயரோடு கோத்துப் பலகையில் எழுதிவைத்தார். கூரையில் டாலர் நோட்டுகள் ஒட்டியிருக்கும் அந்தக் கடை இன்றும் நடக்கிறது. ஊர் விளிம்பில் இருந்த விடுதி ஒன்றை ஜப்பானியக் குடும்பம் ஒன்று நடத்திவந்தது. 1942-இல் மேற்குக் கரையின் ஜப்பானியர்களையெல்லாம் முகாம்களில் அடைத்தபோது அந்தக் குடும்பமும் போயிற்று.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. விலக்குச் சட்டம் 1943-இல் நீங்கியது. ஆனால் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம். நிலச்சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 1952-இல் செல்லாது என்றது. வேடிக்கை என்னவென்றால், கதவு திறந்ததும் ஊரின் பிள்ளைகள் வெளியே நடந்துவிட்டார்கள். படித்தவர்களுக்குச் சாக்ரமென்டோவில் அரசு வேலை கிடைத்தது, சொந்தமாக மனை வாங்க முடிந்தது. சட்டம் மாறியும் லாக்கில் வீட்டடி மனையை வாங்க வழியில்லை; ஊர் முழுவதும் ஒரே நிலத்துண்டாக, லாக் குடும்பத்தாரின் சொத்தாகவே கிடந்தது. கிழவர்கள் தங்கினார்கள். 1977-இல் குடும்பத்தார் ஹாங்காங்கைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றுக்கு ஊரோடு சேர்த்துச் சுற்றுநிலத்தையும் விற்றுவிட்டார்கள். குடியிருப்போர் தங்கள் வீடுகளில் இருந்தபடியே காலுக்குக் கீழே நிலம் கைமாறியது.

அரசின் மதிப்பும் வந்தது, தாமதமாக. அமெரிக்காவில் எஞ்சியிருக்கும் கிராமப்புறச் சீன ஊர்களில் மிகப்பெரியதும் சிதையாததும் என்று சொல்லி, 1990-இல் லாக்கைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். பட்டயம் வந்ததே தவிர, பழுதான கழிவுநீர்க் குழாய்களை யார் மாற்றுவது என்ற கேள்வி அப்படியே நின்றது. நகரசபை இல்லாத ஊரில் அதற்கு விடை சொல்ல ஆளில்லை. முடிவில் கவுண்டியின் வீட்டுவசதி அமைப்பு நிலத்தை வாங்கி, குழாய் போட்டு, நிலத்தை மனைமனையாகப் பிரித்து, மேலே கட்டடம் வைத்திருந்தவர்களுக்கே 2004-இல் விற்கத் தொடங்கியது. லீ பிங் இடம் கேட்டுப் போய் 89 ஆண்டுகள் கழித்து, லாக்கில் வீட்டுக்காரர் பெயரும் மனைக்காரர் பெயரும் ஒரே பத்திரத்தில் ஏறின. அதற்குள் பல வீடுகள் ஓவியர்களிடமும் வெளியூர்க்காரர்களிடமும் கைமாறியிருந்தன. பத்திரம் வந்த நாளில் ஊரில் எஞ்சியிருந்த சீனர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.